பாபிலோனியத் தெய்வங்களை அறிந்துகொள்ள: ஊர் வழியாகப் போங்கள்

பாபிலோனியத் தெய்வங்களைப் பற்றித் தேடத் தொடங்கும் எவருக்கும் முதலில் கிடைப்பது ஒரு பெயர்ப்பட்டியல்தான். வானத்துக்கு அனு, காற்றுக்கு என்லில், நன்னீருக்கு எயா, காதலுக்கும் போருக்கும் இஷ்தார் என்று துறை துறையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். படிக்கும்போது புரிந்ததுபோல் இருக்கும். ஒரு வாரம் கழித்து ஒன்றும் நினைவில் நிற்காது. சூரியனுக்கு இரண்டு ஊர்களில் தலைமைக் கோயில் எதற்கு, ஒரு சின்ன ஊரின் தெய்வமான மர்துக் எப்படித் தேவர்களுக்கெல்லாம் அரசனானான் என்று கேட்டால் அந்தப் பட்டியல் வாய் திறக்காது.

அந்த மண்ணில் தெய்வத்துக்குத் துறையைவிட ஊர்தான் முக்கியம். ஒவ்வொரு பெருந்தெய்வத்துக்கும் சொந்த ஊர் உண்டு, அங்கே பெயர் சூட்டப்பட்ட வீடு உண்டு. ஊரின் கை ஓங்கினால் தெய்வத்தின் இருக்கையும் உயரும். ஊர் தோற்றால் தெய்வத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர்கள் தாமாகவே இடம் பிடித்து உட்காரும். புதிதாக வருபவர்கள் எந்த வரிசையில் போகலாம் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: ஒரு வரைபடம் வரையுங்கள்

அழகாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய ஈராக்கில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் இரண்டு ஆறுகள்: மேற்கே யூப்ரடீஸ், கிழக்கே டைக்ரிஸ். அவை மிகவும் நெருங்கி வரும் இடத்தில் பாக்தாத். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டரில், ஹில்லா நகரத்துக்கு அருகே பாபிலோன். அதன் தென்மேற்கில், ஒரு நாளில் நடந்துவிடக்கூடிய தூரத்தில் போர்சிப்பா. வடக்கே, பாக்தாத்துக்குப் பக்கத்தில் சிப்பார். பாபிலோனுக்குத் தென்கிழக்கே நிப்பூர். இன்னும் தெற்கே இறங்கினால் ஊருக், ஊர் (அந்த நகரத்தின் பெயரே அதுதான்), எரிது.

இந்த ஏழு ஊர்கள் போதும். பிறகு தேவைப்பட்டால் வடக்கே வெகுதொலைவில், இன்றைய துருக்கியில் இருக்கும் ஹர்ரானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறுகள் தடம் மாறிவிட்டன என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். அன்று நீர்வழியோடு ஒட்டியிருந்த ஊர்களில் பல இன்று வெறும் மண்மேடுகளாகப் பாலைவெளியில் நிற்கின்றன.

தென்பகுதியில் கல் கிடையாது, நல்ல மரமும் கிடையாது. களிமண் மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது. கோயிலைச் செங்கல்லால் கட்டினார்கள், கணக்கையும் கதையையும் களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதினார்கள். எதிரி அரண்மனைக்குத் தீ வைத்தபோது பாப்பிரஸ் சுருளாக இருந்திருந்தால் எல்லாம் சாம்பலாகியிருக்கும். களிமண் பலகைகளில் பல அந்தத் தீயிலேயே வெந்து கெட்டிப்பட்டு நமக்குக் கிடைத்தன.

இரண்டாம் படி: காலத்துக்கு நான்கு முளைகள் அடியுங்கள்

அரசர் பட்டியல் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. நான்கு இடங்களில் முளை அடித்துவிட்டு நடுவில் உள்ளதைப் பிறகு நிரப்பலாம்.

முதல் முளை ஹம்முராபி, கி.மு. 1792 முதல் 1750 வரை. அவனுக்கு முன் பாபிலோன் பெரிதாகப் பேசப்படாத ஊர். அவன் கல்லில் வெட்டுவித்த சட்டத் தொகுப்பின் முன்னுரையைப் பாருங்கள்: அனுவும் என்லிலும் சேர்ந்து, எயாவின் மூத்த மகனான மர்துக்குக்கு மக்கள் அனைவர்மீதும் ஆட்சியைக் கொடுத்தார்கள் என்று தொடங்குகிறது. ஊர் பேரரசின் தலைநகரானதும் அதன் தெய்வத்துக்கும் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

இரண்டாவது, கி.மு. 1595. இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் நாட்டின் அரசன் முதலாம் முர்சிலி படையோடு வந்து பாபிலோனைச் சூறையாடினான். மர்துக்கின் சிலையும் போனது. அதன்பின் காசைட்டுகள் என்ற வேற்றினத்தார் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆண்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் உள்ளூர்த் தெய்வங்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது, கி.மு. 12ஆம் நூற்றாண்டு. இம்முறை கிழக்கேயிருந்து ஏலாமியர் வந்து சிலையைத் தூக்கிச் சென்றார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் முதலாம் நெபுகத்நேசர் ஏலாமை வென்று அதை மீட்டுக் கொண்டுவந்தான். மர்துக் தேவர்களுக்கெல்லாம் அரசன் என்று ஐயமின்றிப் பறைசாற்றப்பட்டது இந்த மீட்சியை ஒட்டித்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நான்காவது, பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கும் பாபிலோன்: இரண்டாம் நெபுகத்நேசர் (கி.மு. 605–562) கட்டிய மாநகரம். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு நேபுகாத்நேச்சார். கி.மு. 539இல் பாரசீக அரசன் சைரஸ் நகருக்குள் நுழைந்ததும் சுதேசி ஆட்சி முடிந்தது. கோயில்கள் முடியவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டு வரைகூட ஆப்பெழுத்தில் வானியல் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன.

வேறொரு புத்தகத்தில் ஹம்முராபிக்கு கி.மு. 1728 என்று பார்த்தால் குழம்பாதீர்கள். அந்தப் பழைய காலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுக்கணக்குகள் உண்டு. அவற்றில் இரண்டுக்கிடையே 64 ஆண்டு வித்தியாசம். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். நான் இங்கே எடுத்திருப்பது ‘நடுக் காலக்கணக்கு’ எனப்படுவது.

சிலை பறிபோன வரலாற்றைப் பாபிலோனியர் எப்படி விழுங்கினார்கள் என்பதை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. மர்துக்கே பேசுவதுபோல் அமைந்த ஒரு பழைய உரை இருக்கிறது. ஹிட்டைட் நாட்டுக்குப் போனேன், வடக்கே அசீரியாவுக்குப் போனேன், ஏலாமுக்குப் போனேன் என்று தன் பயணங்களை அவன் வரிசையாகச் சொல்கிறான். யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லையாம், தானாகவே கிளம்பினானாம்! பிறகு சைரஸ் வென்றபோதும் இதே வாதம்தான். அவனுடைய களிமண் உருளையில், பாபிலோனின் கடைசி மன்னன் நபொனிதுஸ்மீது கோபம் கொண்ட மர்துக் நல்ல அரசன் ஒருவனைத் தேடி, சைரஸின் கையைப் பிடித்து அழைத்து வந்ததாக எழுதியிருக்கிறது. தோல்வி என்ற சொல்லே அந்தக் கோயிலின் அகராதியில் இல்லை.

மூன்றாம் படி: தெய்வங்களை ஊர்களில் குடிவையுங்கள்

இப்போது வரைபடத்தை மறுபடி எடுங்கள். எரிதுவில் எயா. நிப்பூரில் என்லில். ஊருக்கில் அனுவும் இஷ்தாரும். ஊர் என்ற நகரத்தில் நிலவுத் தெய்வம் சின். வடக்கே ஹர்ரானிலும் அவனுக்கு ஒரு கோயில். சிப்பாரில் சூரியன் ஷமாஷ். தெற்கே லார்சாவிலும் அவன்தான். பாபிலோனில் மர்துக், அவன் வீட்டின் பெயர் எசகிலா. போர்சிப்பாவில் மர்துக்கின் மகனும் எழுத்தின் தெய்வமுமான நபூ, அவன் வீடு எஸிதா. பாபிலோனுக்கு வடகிழக்கே குத்தா என்ற ஊரில் பாதாளத்தை ஆளும் நெர்கல்.

புதியவர்களை உடனே குழப்புவது இரட்டைப் பெயர். தெற்கில் முன்பே வாழ்ந்த சுமேரியர் ஒரு பெயரால் அழைத்த தெய்வத்தை, அக்காத் மொழி பேசியவர்கள் இன்னொரு பெயரால் அழைத்தார்கள். என்கி என்றால் எயா, இனன்னா என்றால் இஷ்தார், உது என்றால் ஷமாஷ், நன்னா என்றால் சின். அக்காத் மொழி அரபு, எபிரேயம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமேரியத்துக்கு உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. பெயர்களின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு சுமேரியத்தைத் தமிழோடு ஒட்டவைக்கும் கட்டுரைகள் நம்மிடையே நிறைய உலவுகின்றன. அவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

பெருந்தெய்வங்களுக்கு எண்களும் உண்டு. 60 அடிமான எண்முறையில் கணக்குப் பார்த்த மக்கள் அல்லவா? அனுவுக்கு 60, என்லிலுக்கு 50, எயாவுக்கு 40. மாதத்துக்கு முப்பது நாள் என்பதால் நிலவுக்கு 30. சூரியனுக்கு 20, இஷ்தாருக்கு 15. எழுதும்போது தெய்வத்தின் பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் பொறிப்பதும் உண்டு. சூரியன் நிலவுக்குக் கீழே வருவதைக் கவனியுங்கள். அவர்கள் கணக்கில் ஷமாஷ் சின்னின் மகன், இஷ்தார் மகள்.

சிப்பாரில் சற்று நேரம் தங்குங்கள் என்று தனியாகவே பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பவன் என்பதால் ஷமாஷ் நீதியின் தெய்வம். ஹம்முராபியின் சட்டக்கல்லின் உச்சியில் அரசன் நின்று வணங்க, கோலும் வளையமும் ஏந்தி அமர்ந்திருப்பவன் அவனே. சிப்பாரில் அவனுக்கென நேர்ந்துவிடப்பட்ட நதீத்து என்ற பெண்கள் தனி வளாகத்தில் வாழ்ந்தார்கள். செல்வக் குடும்பத்துப் பெண்கள். பிள்ளை பெறக்கூடாது என்ற விதி. வயல் வாங்கினார்கள், வெள்ளியைக் கடனுக்கு விட்டார்கள், வழக்காடினார்கள். அவர்களுடைய பத்திரங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பக்தி என்றால் பாட்டும் தூபமும் மட்டும் என்று நினைத்து உள்ளே வருபவர்களுக்கு இது நல்ல மருந்து.

நான்காம் படி: சின்னங்களைப் பழகுங்கள்

படத்தைப் பார்த்ததும் இன்ன தெய்வம் என்று சொல்ல முகம் உதவாது. தாடியும் மடிப்புடையுமாக எல்லாரும் ஒன்றுபோல் இருப்பார்கள். கொம்பு வைத்த கிரீடம் இருந்தால் தெய்வம் என்று மட்டும் தெரியும். மற்றதற்குச் சின்னம்தான் துணை. பிறை என்றால் சின். வட்டத்துக்குள் நான்கு முனையும் அலைக்கதிர்களும் என்றால் ஷமாஷ். எட்டு முனை விண்மீன் என்றால் இஷ்தார், வெள்ளிக் கோள் அவளுடையது. மின்னல் கவை அதத் என்ற மழைத் தெய்வத்துக்கு. மண்வெட்டி மர்துக்குக்கு, எழுத்தாணி நபூவுக்கு, நாய் குலா என்ற மருத்துவத் தெய்வத்துக்கு.

பயிற்சிக்குச் சிறந்தவை காசைட்டு காலத்து நிலக்கொடைக் கற்கள். குதுர்ரு என்பார்கள். அரசன் நிலம் கொடுத்த செய்தியைப் பொறித்து, அதை மீறுபவனைத் தண்டிக்கத் தெய்வங்களின் சின்னங்களை உச்சியில் வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். ஒரு கல்லின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு சின்னம் சின்னமாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். இரண்டு கற்கள் முடிவதற்குள் கை பழகிவிடும்.

அந்தக் கற்களில் எயாவின் சின்னத்தைத் தேடுங்கள்: முன்பாதி ஆடு, பின்பாதி மீன். இதைத் தமிழர் ஒவ்வொருவரும் வேறு பெயரில் அறிவோம். பன்னிரண்டு ராசி என்ற பிரிவை கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் பாபிலோனியர்தான் வகுத்தார்கள். அது கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஆட்டுமீன் இங்கே வந்து மகரமானது. ராசிக்கட்டத்தைப் பார்க்கும்போது எரிது நகரத்துத் தெய்வத்தின் வாகனத்தையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஐந்தாம் படி: தெய்வத்தின் ஒரு நாளைப் பின்தொடருங்கள்

புராணத்துக்கு முன் பூசை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். அந்த மக்களின் அன்றாடத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது.

சிலை என்பது மரத்தால் ஆன உடல், மேலே பொன்தகடு, விலையுயர்ந்த ஆடை. பட்டறையில் செய்து முடித்ததும் அது தெய்வமாகிவிடாது. ‘வாய் கழுவுதல்’ என்ற சடங்கு நடக்க வேண்டும். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், இரவு முழுவதும் நாணல் பந்தலில் வைத்து, மீண்டும் மீண்டும் வாயைக் கழுவுவார்கள். செய்த கைவினைஞர்களின் கைகளைக் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். அவர்கள் “இதை நான் செய்யவில்லை” என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தவை தெய்வங்களே என்பது பொருள்.

அதன்பின் சிலைக்கு உணவு, உடை, நீராட்டு, இசை. ஊருக்கில் கிடைத்த பிற்காலப் பலகை ஒன்று நாளைக்கு நான்கு வேளை உணவைக் குறிக்கிறது: காலையில் பெரிய உணவு, சிறிய உணவு, மாலையிலும் அப்படியே. ரொட்டி, பீர், ஆட்டிறைச்சி, பேரீச்சம்பழம். தெய்வம் உண்டபின் மிச்சம் அரசனுக்குப் போகும். ரொட்டி சுடும் உரிமை, பீர் வடிக்கும் உரிமை, ஆடு அறுக்கும் உரிமை எல்லாம் குடும்பச் சொத்து. இத்தனை நாள் என்று பங்கு பிரித்து, வாரிசுக்கு எழுதிவைத்து, விற்கவும் செய்தார்கள். நம் பெரிய கோயில்களில் முறைக்காரர்கள் நாள்கணக்கில் பூசைமுறை பிரித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்திரங்கள் அந்நியமாகத் தெரியாது. வெளிநாட்டு அறிமுக நூல்கள் இதை வியப்போடு விளக்குவதற்குச் சில பக்கங்கள் எடுத்துக்கொள்ளும். நீங்கள் தாண்டிப் போகலாம்.

சிலை தொலைந்துபோனால் என்ன செய்வார்கள்? சிப்பாரில் அதுதான் நடந்தது. பகைவர் படையெடுப்பில் ஷமாஷின் சிலை அழிந்து, அதன் உருவம் எப்படி இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. புதுச் சிலை செய்ய முடியவில்லை. ஒரு சூரிய வட்டத்தை மட்டும் வைத்துப் பூசை நடத்தினார்கள். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் பழைய உருவத்தின் சுட்டமண் மாதிரி ஒன்று கிடைத்ததாகச் சொல்லி நபூ-அப்லா-இத்தினா மன்னன் புதுச் சிலை செய்வித்தான். இந்தச் செய்தியைப் படத்தோடு பொறித்த கற்பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மாதிரி தற்செயலாகக் கிடைத்ததா, வேண்டும்போது கிடைத்ததா என்று கேட்பவர்களும் உண்டு.

ஆறாம் படி: ஆகிது திருவிழாவைப் பாருங்கள்

பாபிலோனின் ஆண்டு இளவேனிலில், நிசன்னு மாதத்தில் பிறக்கும். அம்மாதத்தின் முதல் பதினொன்று பன்னிரண்டு நாட்கள் ஆகிது. நமக்குக் கிடைத்திருக்கும் விரிவான சடங்கு நூல் பிற்காலத்துப் பிரதி. ஆகவே எல்லாக் காலத்திலும் இப்படித்தான் நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காம் நாள் மாலை பூசாரி மர்துக்கின் முன் நின்று படைப்புக் காவியம் முழுவதையும் ஓதுவார். ஐந்தாம் நாள் அரசன் எசகிலாவுக்குள் வருவான். தலைமைப் பூசாரி அவனுடைய செங்கோல், வளையம், முடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, கன்னத்தில் அறைந்து, காதைப் பிடித்து இழுத்து மர்துக்கின் முன் மண்டியிட வைப்பார். அரசன் சொல்ல வேண்டும்: நான் பாபிலோனை அழிக்கவில்லை, கோயிலைக் கைவிடவில்லை, உரிமைபெற்ற குடிமக்களை அடிக்கவில்லை. சின்னங்களைத் திருப்பிக் கொடுத்தபின் இன்னொரு அறை. கண்ணீர் வந்தால் மர்துக் மகிழ்ந்தான் என்று பொருள். வராவிட்டால் பகைவன் எழுவான். பூசாரி எவ்வளவு வேகமாக அறைந்திருப்பார் என்று நூலில் இல்லை. கண்ணீர் வருமளவுக்கு அறைவதில் இருவருக்குமே அக்கறை இருந்திருக்கும்.

இதற்கிடையே போர்சிப்பாவிலிருந்து நபூ படகில் வந்து சேர்வான். பிறகு தெய்வங்கள் ஊர்வலமாக இஷ்தார் வாயில் வழியே நகருக்கு வெளியே உள்ள ஆகிது மண்டபத்துக்குப் போவார்கள். நான்காம் படியில் படித்த சின்னங்கள் இங்கே கைகொடுக்கும். ஊர்வலப் பாதையின் சுவரில் பளபளக்கும் செங்கற்களில் நடக்கும் சிங்கங்கள் இஷ்தாருடையவை. வாயிலில் உள்ள காளைகள் அதத்துக்கு. பாம்புத்தலையும் சிங்க முன்கால்களும் பறவையின் பின்கால்களும் கொண்ட விலங்கு முஷ்ஹுஷ்ஷு, மர்துக்குடையது.

அரசன் இல்லாமல் ஆகிது இல்லை. கடைசி மன்னன் நபொனிதுஸ் அரேபியப் பாலைவனத்தில் தைமா என்ற ஊரில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தங்கிவிட்டான். அரசன் வரவில்லை, நபூ வரவில்லை, ஆகிது நடக்கவில்லை என்று பாபிலோனின் ஆண்டுக் குறிப்பு திரும்பத் திரும்ப எழுதுகிறது. அவன் மனம் ஹர்ரானின் சின்னிடம் இருந்தது. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த அவன் தாயும் சின்னின் தீவிர பக்தை. மர்துக்கின் பூசாரிகள் சைரஸை ஏன் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் பெரிதாகத் தேவையில்லை.

ஏழாம் படி: இப்போது கதைகளைப் படியுங்கள்

பெரும்பாலான அறிமுகங்கள் ‘எனூமா எலிஷ்’ என்ற படைப்புக் காவியத்தை முதலில் கையில் கொடுக்கின்றன. நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் ‘அத்ராகசிஸ்’. மூன்று பலகைகள். மனிதர் இல்லாத காலத்தில் சிறுதெய்வங்கள் வாய்க்கால் வெட்டி வெட்டிச் சலித்துப்போய், கருவிகளைக் கொளுத்திவிட்டு, நள்ளிரவில் என்லிலின் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். உலக இலக்கியத்தின் முதல் வேலைநிறுத்தக் காட்சி இது என்று தயங்காமல் சொல்லலாம். அவர்கள் சுமையை இறக்கிவைக்க, களிமண்ணோடு கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் குழைத்து மனிதரைப் படைக்கிறார்கள். மனிதர் பெருகி இரைச்சல் போட, என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. கொள்ளைநோய், பஞ்சம், கடைசியில் பெருவெள்ளம்.

அடுத்து, ‘கில்காமேஷ்’ காவியத்தின் பதினொன்றாம் பலகை. அதே வெள்ளம், வேறொரு வாயிலிருந்து. ஜார்ஜ் ஸ்மித் 1872இல் இதைப் படித்து வெளிப்படுத்தியபோது லண்டனே பரபரத்தது. பைபிளின் நோவா கதைக்கு இணையாக இருந்தது. வெள்ளம் வடிந்தபின் தப்பியவன் இடும் பலியின் வாசனைக்குத் தெய்வங்கள் ஈக்களைப்போல மொய்க்கும் இடத்தில் நின்று படியுங்கள். மனிதர் அழிந்ததும் தெய்வங்கள் பட்டினி. ஐந்தாம் படியில் பார்த்த நான்கு வேளை உணவை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இந்த வரி சுடும்.

மூன்றாவது ‘இஷ்தாரின் பாதாளப் பயணம்’. சிறியது, ஒரே மூச்சில் படிக்கலாம். ஏழு வாயில்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அணியைக் கழற்றிக் கொடுத்து, கடைசியில் வெறுமையாக அக்கா எரெஷ்கிகலின் முன் நிற்கிறாள். அவளுக்குப் பதிலாகப் பாதாளம் போகிறவன் காதலன் தம்மூஸ். அவனுக்காகப் பெண்கள் அழும் வழக்கம் எருசலேம் வரை போனது. எசேக்கியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் அந்தக் காட்சி வருகிறது. ஈராக்கில் இன்றும் ஜூலை மாதத்தின் பெயர் தம்மூஸ்.

இப்போது ‘எனூமா எலிஷ்’. ஏழு பலகைகள். நன்னீரான அப்சுவும் உவர்நீரான தியாமத்தும் கலந்திருந்த தொடக்கம், இளைய தெய்வங்களின் கூச்சல், தியாமத்தின் சினம். மூத்தவர்கள் அஞ்சி நிற்க, மர்துக் முன்வருகிறான். ஆனால் ஒரு நிபந்தனை: வென்றால் நானே அரசன். தியாமத்தைக் கொன்று, கருவாட்டைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். பிறகு தெய்வங்கள் பாபிலோனைக் கட்டுகிறார்கள், அவனுக்கு ஐம்பது பெயர்கள் சூட்டுகிறார்கள். ஐம்பது யாருடைய எண் என்று மூன்றாம் படியில் பார்த்தோம். நிப்பூரின் என்லிலிடமிருந்து பதவி கைமாறியதை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. அசீரியர் தங்கள் பிரதியில் மர்துக்கின் இடத்தில் தங்கள் தெய்வமான அஷூரை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் அறிந்தால், இந்தக் காவியம் எவ்வளவு அரசியல் என்பது விளங்கும்.

எட்டாம் படி: வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள்

சாதாரண மனிதனுக்கு மர்துக் தூரத்துத் தெய்வம். அவனுக்குச் சொந்தமாக ஒரு காவல் தெய்வம் உண்டு. அது அவனுக்காகப் பெரியவர்களிடம் பரிந்து பேசும். நோய் வந்தால் காவல் தெய்வம் விலகிவிட்டது என்று பொருள். குழந்தைகளைப் பறிக்கும் லமாஷ்து என்ற பெண்பேய்க்கு அஞ்சி, அவளைவிடப் பயங்கரமான பசூசுவின் தலையைத் தாயத்தாகக் கட்டினார்கள். பசூசு வெறும் தீய பேய் என்று இன்று பரவியிருக்கும் எண்ணம் பாதிதான் சரி.

குறி பார்ப்பது பெரும் கல்வி. ஆட்டின் ஈரலைப் பார்த்துப் பலன் சொல்பவர்களுக்குப் பாடம் நடத்தக் களிமண்ணில் ஈரல் மாதிரி செய்து, பகுதி பகுதியாக எழுதி வைத்திருந்தார்கள். வானத்துக் குறிகளுக்கு மட்டும் ஏறத்தாழ எழுபது பலகைகள் கொண்ட தொகுப்பு உண்டு. விதி என்று கைகட்டி நிற்கவில்லை. கெட்ட குறி என்பது தெய்வ நீதிமன்றத்தின் தீர்ப்பு; உரிய சடங்கு செய்து ஷமாஷிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கிரகணம் அரசனின் உயிருக்கு ஆபத்து என்று காட்டினால் வேறொருவனை அரியணையில் அமர்த்தி, ஆபத்தை அவன் தலையில் இறக்கி, காலம் முடிந்ததும் கொன்றுவிடுவார்கள். அசீரிய மன்னன் எசர்ஹத்தோன் காலத்துக் கடிதங்களில் இது வெளிப்படையாகவே பேசப்படுகிறது. ஒருமுறை மட்டும் திட்டம் தலைகீழானது என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது: இசின் நகரத்து அரசன் எர்ரா-இமித்தி தன் இடத்தில் என்லில்-பானி என்ற தோட்டக்காரனை உட்கார வைத்துவிட்டு, அரண்மனையில் சூடான கஞ்சியைக் குடித்து இறந்துபோனான். தோட்டக்காரன் எழுந்திருக்கவே இல்லை. அவனே அரசனாக ஆண்டான்.

ஒன்பதாம் படி: இவற்றை நம்பிவிடாதீர்கள்

தொங்கு தோட்டத்தைப் பற்றிப் பாபிலோனியப் பலகை எதுவும் பேசவில்லை. தான் கட்டியவற்றை வரி வரியாகப் பட்டியலிட்ட நெபுகத்நேசர்கூட அதைச் சொல்லவில்லை. அது அசீரியாவின் நினிவே நகரில் இருந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஹம்முராபியின் சட்டம் உலகின் முதல் சட்டம் அல்ல. ஊர் நகரத்து உர்-நம்மு பெயரில் உள்ள தொகுப்பு அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முந்தியது.

அனுன்னாக்கி என்ற தெய்வக் கூட்டம் நிபிரு கோளிலிருந்து விண்கலத்தில் வந்தது என்ற கதைக்குப் பலகைகளில் எந்த ஆதாரமும் இல்லை. நிபிரு என்பது மர்துக்கின் விண்மீன்; பெரும்பாலும் வியாழன் கோளைக் குறிக்கும்.

பாபிலோனியத் திருமணம், கோயில் வழக்கம் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் சுவையான செய்திகளையும் சந்தேகத்தோடு வாங்குங்கள். உள்ளூர் ஆவணங்களோடு அவை பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

பத்தாம் படி: பொருட்களை நேரில் அல்லது திரையில் பாருங்கள்

இரண்டேகால் மீட்டர் உயரமுள்ள ஹம்முராபி கல் பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. பாபிலோனில் அல்ல, ஏலாமியர் கொள்ளையடித்துக் கொண்டுபோன சூசாவில்தான் அது 1901–02இல் தோண்டியெடுக்கப்பட்டது. வெள்ளப் பலகையும் சைரஸ் உருளையும் பிரிட்டிஷ் மியூசியத்தில். ஜெர்மன் தொல்லியலாளர் ராபர்ட் கோல்டெவே 1899 முதல் 1917 வரை பாபிலோனில் அகழ்ந்தெடுத்த செங்கற்களால் மீண்டும் எழுப்பிய இஷ்தார் வாயில் பெர்லினின் பெர்கமோன் மியூசியத்தில். அந்த மியூசியம் புதுப்பிப்புப் பணிக்காக 2023 அக்டோபரில் மூடப்பட்டது. வாயில் இருக்கும் பகுதி திறக்கப் பல ஆண்டுகள் ஆகும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலப் பாதையின் சிங்கங்கள் சில இஸ்தான்புல் தொல்லியல் மியூசியத்தில் உண்டு.

பாபிலோன் 2019 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அங்கே போனால் உயரமாக, புதிதாகத் தெரியும் சுவர்களில் பல சதாம் உசேன் காலத்தில் எழுப்பியவை. நெபுகத்நேசர் தன் பெயரைச் செங்கல்லில் பதித்ததைப்போலவே அவரும் பதிக்கச் செய்தார். காலுக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் பழைய அடுக்குகளைப் பாருங்கள். எதெமெனங்கி என்ற பெரும் கோபுரம் நின்ற இடத்தில் இன்று இருப்பது பக்கத்துக்குச் சுமார் 91 மீட்டர் கொண்ட சதுரப் பள்ளம்தான். செங்கற்களைப் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பயணம் முடியாதவர்களுக்கு இணையம் போதும். சி.டி.எல்.ஐ. என்ற ஆப்பெழுத்துத் தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான பலகைகளின் விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. சுமேரிய இலக்கியத்துக்கு ஆக்ஸ்போர்டின் தொகுப்பும், பாபிலோனிய இலக்கியத்துக்கு மியூனிக் பல்கலைக்கழகத்தின் மின்நூலகமும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் தேடுபக்கத்தில் முதலில் சிப்பாரின் சூரியத் தெய்வக் கற்பலகையைத் தேடி, படத்தைப் பெரிதாக்குங்கள். வலப்பக்கம் கொம்புக் கிரீடத்தோடு அமர்ந்திருப்பவன் ஷமாஷ். அவன் தலைக்கு அருகே பிறை, சூரிய வட்டம், எட்டு முனை விண்மீன் என்று மூன்று சின்னங்கள். நடுவில் மேசைமேல் நிற்கும் பெரிய வட்டம், சிலை இல்லாத காலத்தில் பூசை வாங்கிய அதே சூரிய வட்டம்.